வாலைக் கடிக்கிற நாய்க்கு என்ன செய்யலாம்?

வணக்கம், நாய் வளர்க்கிற ஆக்கள் ஒரு வழி சொல்லுங்கோ. கோண்டாவிலில் இருக்கிறோம், எங்கட நாய் அல்சேசன் கலப்பு, இரண்டு வயது. குட்டியில் வாலைப் பிடிக்கச் சுத்தினால் அது விளையாட்டுத்தான், நாங்களும் சிரித்தோம். இப்ப கேற் சத்தம் கேட்டாலே சுத்தத் தொடங்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிற்காமல் வால் நுனியைக் கடித்து, மயிர் போய் தோல் சிவந்து நீர் கசிகிறது, அதில் இலையான் வேறு.

தெள்ளு, உண்ணி பார்த்தாச்சு, இல்லை. குதத்துக்குப் பக்கத்துச் சுரப்பி அடைத்தாலும் இப்படிச் செய்யுமாம், அதை அமத்திப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அல்சேசன், புல் ரெரியர் இனங்களில் இது விடாத பழக்கமாகவே வருவதுண்டு, கட்டியே வைத்திருந்தால் கூடும் என்றும் தெரியும். ஆனால் நாங்கள் வேலைக்குப் போனால் அது மாமரத்தடியில் சங்கிலியில்தான், அவிழ்த்துவிட்டால் பக்கத்து வளவுக் கோழிகள் மிஞ்சாது. அம்மா நாவூறு என்கிறா, அதை விடுவம்.

யாழ்ப்பாணப் பக்கம் வீட்டுக்கு வந்து பார்க்கிற மிருக வைத்தியர் யாராவது இருக்கிறாரா? ஓட்டோவில் ஏற்றினால் சத்தி எடுக்கும். கழுத்தில் பிளாஸ்ரிக் கூம்பு மாட்டி யாருக்காவது சரிவந்ததா, இல்லை கழற்றினதும் திரும்பத் தொடங்குமா? வைத்தியர் சொல்லி பதற்றத்துக்கு மாத்திரை கொடுத்த ஆக்கள் இருந்தால், எத்தனை கிழமையில் வித்தியாசம் தெரிந்தது என்றும் எழுதுங்கோ.