பால்சா கிட்: வலது இறக்கை நுனி 4 மி.மீ. முறுக்கி நிற்கிறது. அடி ஷீட் ஒட்டலாமா?

வால்காற்று கேட்டது:

லேசரில் வெட்டிய பால்சா கிட், இறக்கை மேலே உட்காரும் ட்ரெய்னர் (ரேடியோவில் ஓட்டிப் பழகும் மாடல் விமானம்). இறக்கை நீளம் 1500 மி.மீ., அகலம் வேரிலிருந்து நுனிவரை ஒரே 250 மி.மீ., அடிப்பக்கம் ஏறக்குறைய தட்டை. பேட்டரியோடு 1.9 கிலோ வரும் என்று பிளானில் போட்டிருக்கிறது. 3542 அளவு மோட்டார், 1000 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று), 3 செல் 3300 எம்.ஏ.எச். பேட்டரி வைக்கப்போகிறேன்.

இரண்டு பாதியிலும் ஸ்பார் (நீளவாக்கில் ஓடும் முதுகுக்கட்டை), ரிப் (குறுக்கு விலா), ஷியர் வெப் (மேல், கீழ் ஸ்பாரை இணைக்கும் தகடு) முடிந்தது. மேல்பக்க முன்விளிம்பு ஷீட்டும் (1.5 மி.மீ. பால்சாத் தகடு) ஒட்டிப் பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். ரிப்புகளுக்கு அடியில் சின்னச் சின்னக் கால்கள் இருந்தன, அவற்றையும் வெட்டிவிட்டேன். இப்போது மேஜையில் வைத்தால் இடது பாதி அழகாகப் படிகிறது. வலது பாதியில் வேரை அழுத்திப் பிடித்தால் நுனியில் பின்விளிம்பு 4 மி.மீ. தூக்குகிறது. விரலால் அழுத்தினால் இறங்கும், விட்டால் எழும்பும்.

1. அடி ஷீட் ஒட்டினால் தானாகச் சரியாகுமா? இல்லை, கவரிங் (மேலே ஒட்டும் ஃபிலிம்) போடும்போது ஹீட் கன்னில் சரிசெய்யலாமா?
2. இரண்டு பாதியையும் சேர்க்க 5 நிமிட எபாக்சி போதுமா?
3. எல்லாவற்றையும் ரப்பர் பேண்டில் கட்டிப் பார்த்தேன். பேட்டரியோடு சி.ஜி. (எடை மையம்) முன்விளிம்பிலிருந்து 85 மி.மீ.இல் வருகிறது. பிளானில் 70. மூக்கில் ஈயம் வைத்துவிடலாமா?

பால்சாத்தூள் எழுதியது:

அடி ஷீட்டை இப்படியே ஒட்டிவிடாதீர்கள். இப்போது உங்கள் இறக்கையின் முன்பகுதி ஒரு பக்கம் திறந்த பெட்டி, அதனால்தான் விரலுக்கு வளைந்துகொடுக்கிறது. அடி ஷீட் ஒட்டிய அடுத்த நிமிடமே அது மூடிய குழாய். அப்போது எந்த முறுக்கில் இருக்கிறதோ அதே முறுக்கில் நின்றுவிடும். பிறகு ஹீட் கன், ஆவி, தண்ணீர் எதற்கும் மசியாது, ஷீட்டைக் கீறித்தான் எடுக்க வேண்டும்.

அந்தக் கால்கள் இருந்ததே இதற்காகத்தான். அடி ஷீட் முடியும்வரை இறக்கையைப் பலகையோடு நேராகப் பிடித்துக்கொள்ள. போனது போகட்டும், ரிப் வெட்டி எடுத்த பால்சா ஷீட்டின் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் தப்பித்தீர்கள். அதில் ரிப்பின் மேல்வளைவு அச்சு அப்படியே இருக்கும். அந்த வளைவு வரும்படி பாதிக்கு நான்கு தொட்டில் வெட்டி, நிமிர்த்திப் பலகையில் ஒட்டுங்கள். இறக்கையைத் தலைகீழாக அதில் படுக்கவைத்து, பின்விளிம்பைக் குண்டூசியால் பிடித்து, வேரிலும் நுனியிலும் ஆளுக்கொரு சின்ன மணல் பை வையுங்கள்.

ஒரு இடத்தில் பலரும் சறுக்குவார்கள்: மேல் ஷீட் ஒட்டியபின் முன்பகுதி ரிப்பைவிட 1.5 மி.மீ. வெளியே இருக்கும். தொட்டிலில் அந்தப் பகுதியை மட்டும் 1.5 மி.மீ. சுரண்டாவிட்டால் இறக்கை தொட்டிலில் படியாமல் முன்னால் தூக்கிக்கொண்டு உட்காரும், நீங்களே புது முறுக்கு ஒன்றைச் செய்து ஒட்டிவிடலாம்.

அடி ஷீட்டுக்குத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை வேண்டாம். ஈரத்தில் ஷீட் விரியும், காயும்போது சுருங்கி இழுக்கும். மழைக்காலத்தில் காய்வதற்கே ஒரு நாள் போகும். நடுத்தரக் கெட்டி சி.ஏ. (சூப்பர் க்ளூ வகைப் பசை) போதும். ஒட்டியபின் ஒரு மணி நேரமாவது தொட்டிலிலேயே கிடக்கட்டும்.

ஒட்டும் முன் ஷியர் வெப்களையும் ஒரு தடவை பாருங்கள். ஏதாவது ஒன்று அரை மி.மீ. நீளமாக வெட்டி இறுக்கித் திணித்திருந்தால், அது ரிப்பைத் தள்ளி முறுக்கை உண்டாக்கும். வெப்பின் இழை மேலிருந்து கீழாக ஓட வேண்டும்.

முறுக்கோடு பறந்தால் என்ன ஆகும் என்றால், வலப்பக்கம் லிஃப்ட் (தூக்கு விசை) குறையும், விமானம் வலது பக்கம் சாயும். எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) ட்ரிம்மில், அதாவது அதை நிரந்தரமாகக் கொஞ்சம் சாய்த்துவைத்துச் சரிசெய்தாலும் அது ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும்.

எட்டாம்ரிப் எழுதியது:

கடைசி வரியில் மட்டும் பால்சாத்தூள் அண்ணனோடு ஒத்துப்போக முடியவில்லை. முறுக்கின் சாய்வும் ட்ரிம்மின் எதிர்ப்பும் இரண்டுமே வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்துதான் ஏறி இறங்கும். ஆகவே ஓட்ட வேகத்தில் ட்ரிம் நன்றாகவே பிடிக்கும். அதுதான் ஆபத்து, விமானம் நேராகப் போகிறதே என்று நம்பிவிடுவோம். வம்பு இறங்கும்போது. மெதுவாக வரும்போது இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் ஸ்டால் ஆகாது (லிஃப்டை இழக்காது), ஒன்று முந்திக்கொள்ளும். 10 அடி உயரத்தில் இறக்கை ஒரு பக்கம் விழுந்தால் எடுக்க இடமில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் முறுக்கின் திசை கெட்டதல்ல. நுனியில் பின்விளிம்பு தூக்கி நிற்பதுதான் வாஷ்அவுட், 250 மி.மீ. அகலத்தில் 4 மி.மீ. என்றால் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. ட்ரெய்னருக்கு இது நல்லதுதான், நுனிக்கு முன்னால் வேர் ஸ்டால் ஆகும், எய்லரான் கடைசிவரை வேலை செய்யும். ஒரு பக்கம் மட்டும் இருப்பதுதான் குற்றம். இடது பாதிக்கும் அடி ஷீட் ஒட்டவில்லை என்றால் இரண்டுக்கும் 4 மி.மீ. வைத்துவிடுங்கள்.

எப்படி வைப்பது: தொட்டிலில் இறக்கை தலைகீழாகக் கிடக்கிறது அல்லவா, நுனித் தொட்டிலின் முன்பக்கத்துக்கு அடியில் 4 மி.மீ. துண்டு, நடுவில் 2 மி.மீ., வேரில் ஒன்றும் வேண்டாம். தலைகீழாக இருப்பதால் திசை குழம்பும். பின்பக்கத்துக்கு அடியில் துண்டு வைத்தீர்களோ, நுனி முதலில் ஸ்டால் ஆகும் இறக்கை தயார். ஒட்டும் முன் பலகையோடு சேர்த்து நிமிர்த்திக் கற்பனை செய்து, பின்விளிம்பு மேலே போகிறதா என்று ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஹீட் கன் பற்றி: ஷீட் இல்லாத திறந்த இறக்கையில் ஃபிலிமைச் சுருக்கி 1–2 மி.மீ. திருத்தலாம். ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மதியம் கிடந்தால் ஃபிலிம் தளரும், முறுக்கும் திரும்பி வரும். அடர்நிற ஃபிலிம் என்றால் இன்னும் சீக்கிரம்.

இரண்டாவது கேள்வி. நடு இணைப்புக்கு 5 நிமிட எபாக்சி கூடவே கூடாது. ப்ளைவுட் ஜாயினரின் இரண்டு முகம், ஸ்பார் பெட்டியின் உட்பக்கம், இரண்டு வேர் ரிப், இத்தனைக்கும் பூசி முடிப்பதற்குள் கட்டியாகிவிடும். 30 நிமிட எபாக்சி எடுங்கள், இல்லாவிட்டால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மெதுவாக இறுகும் அரால்டைட். இரண்டு குழாயிலிருந்தும் சம நீளம் பிதுக்கி, ஒரு நிமிடமாவது கலக்குங்கள்.

பசை இல்லாமல் முதலில் பொருத்திப் பாருங்கள். பிளானில் பக்கத்துக்கு 3 டிகிரி டைஹெட்ரல் (நுனி மேல்நோக்கிய சாய்வு) என்றால், ஒரு பாதியைத் தட்டையாக வைத்து மறு பாதியின் நுனியை 78 மி.மீ. உயர்த்த வேண்டும். வேர் ரிப்கள் இரண்டும் முழு உயரத்துக்கும் தொட வேண்டும். மேலே ஒட்டிக் கீழே வாய் திறந்திருந்தால் பசையால் நிரப்பாமல் உப்புத்தாள் கட்டையால் கோணத்தைச் சரிசெய்யுங்கள். வெளியே வழிந்த பசையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் இணைப்பைச் சுற்றி 50 மி.மீ. அகலத்தில் ஃபைபர் கிளாஸ் துணி, மெல்லிய எபாக்சி பூச்சு. ரப்பர் பேண்ட் அழுத்தும் பின்விளிம்பில் ஒரு மெல்லிய ப்ளை துண்டும் ஒட்டிவிட்டால் பால்சா நசுங்காது.

ஈயக்குண்டு எழுதியது:

சி.ஜி. கேள்வி எனக்கு. பெயரைப் பார்த்து ஈயம் வைக்கச் சொல்வேன் என்று நினைக்காதீர்கள், ஈயம் கடைசி மருந்து.

கணக்கு இதுதான். 1900 கிராம் × 15 மி.மீ. பின்தங்கல் = 28,500. 3 செல் 3300 பேட்டரி 280 கிராம் வாக்கில் இருக்கும். அதை 100 மி.மீ. முன்னால் தள்ளினால் சி.ஜி. 70க்கு வந்துவிடும், ஒரு கிராம்கூட ஏறாது. தள்ள இடமில்லாமல், 70 மி.மீ. புள்ளியிலிருந்து 250 மி.மீ. முன்னால் இருக்கும் ஃபயர்வாலில் (மோட்டார் பொருத்தும் முன்பலகை) ஈயம் வைத்தால் 114 கிராம் வேண்டும். ஆகவே ஃபியூசலாஜில் (விமான உடலில்) முன் ஃபார்மரைத் (குறுக்குத் தடுப்பை) திறந்து பேட்டரித் தட்டை மோட்டாருக்குப் பின்னால்வரை நீட்ட முடியுமா பாருங்கள். ஃபார்மரை வெட்டினால் சுற்றிலும் 10 மி.மீ. விளிம்பு விட்டு, பின்புறம் 3 மி.மீ. ப்ளை ஒட்டி வலுவாக்குங்கள்.

இன்னும் ஒன்று. நீங்கள் நிறுத்துப் பார்த்தது கவரிங் இல்லாத எலும்புக்கூடு. வாலுக்கு ஃபிலிம், ஹிஞ்ச் (கீல்), ஹார்ன் (அசையும் பலகையில் ஒட்டும் நெம்புகை), புஷ்ராடு (சர்வோவை ஹார்னோடு இணைக்கும் கம்பி) எல்லாம் இனிமேல்தான் வரும். வால் சி.ஜி.யிலிருந்து 700 மி.மீ. பின்னால் இருந்தால் அங்கே ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் ஃபயர்வாலில் 2.8 கிராம் கேட்கும். அதனால் வாலில் எபாக்சியை அள்ளிப் பூசாதீர்கள், ஒரு நிறத்துக்கு மேல் ஃபிலிம் மேல் ஃபிலிம் ஒட்டாதீர்கள். எலிவேட்டர் (மேலே கீழே திருப்பும் வால் பலகை), ரட்டர் (இடம் வலம் திருப்பும் வால் பலகை) இவற்றை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்கள் பின்னால் என்றால் அவற்றை இறக்கைக்கு அடியில் கொண்டுவந்து நீளப் புஷ்ராடு போடுங்கள். பேட்டரித் தட்டை இறுதியாக ஒட்டுவது கவரிங் முடிந்தபின்.

ஹிஞ்ச் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் இறக்கை அளவுக்கு இதுவும் ஆளைக் கவிழ்க்கும். சி.ஏ. ஹிஞ்ச் என்றால் பிளவின் நடுவில் 2 மி.மீ. துளை ஒன்று மரத்துக்குள் போடுங்கள், பசை அதன் வழியாக உள்ளே ஓடும். ஹிஞ்சின் நடுவில் குண்டூசி குத்தி இரு பக்கமும் சமமாக நுழையுங்கள், இடைவெளி அரை மி.மீ. தாண்டக் கூடாது. மெல்லிய சி.ஏ. பக்கத்துக்கு மூன்று சொட்டு, திருப்பி மூன்று சொட்டு. கெட்டியான சி.ஏ. ஊறாது, மேலே தோல்போல உறையும், இழுத்தால் உருவிக்கொண்டு வரும். ஆறியபின் ஒவ்வொன்றையும் நிஜமாகவே இழுத்துப் பாருங்கள்.

வால்காற்று எழுதியது:

மூவருக்கும் நன்றி. ரிப் மிச்சம் குப்பைக்குப் போகவில்லை, தொட்டில் செய்து இரண்டு பாதிக்கும் வாஷ்அவுட் வைத்து அடி ஷீட் ஒட்டிவிட்டேன். எடுத்துப் பார்த்ததில் இடது 4, வலது 4.5. பரவாயில்லையா? ஃபயர்வாலில் மோட்டார் கோணமும், சர்ஃபேஸ் அசைவும் பிளானில் தெளிவாக இல்லை. எவ்வளவு வைக்கலாம் அண்ணா?

எட்டாம்ரிப் எழுதியது:

அரை மி.மீ. வித்தியாசத்தை மறந்துவிடுங்கள்.

மோட்டார்: கீழே 2–3 டிகிரி, வலது பக்கம் 2 டிகிரி. மேல் இரண்டு திருகுக்கும் வாஷர் போட்டால் கீழ்நோக்கும், பின்னாலிருந்து பார்க்க இடது இரண்டுக்கும் போட்டால் வலம் திரும்பும். திருகுகளுக்கு நீல லாக்டைட் ஒரு சொட்டு. ப்ரொப்பெல்லர் 11×5.5 அங்குலத்தில் தொடங்குங்கள். முழு த்ராட்டிலில் வாட்மீட்டர் 350 வாட் பக்கம் காட்டினால் கிலோவுக்கு 180 சொச்சம், ட்ரெய்னருக்குத் தாராளம். 50 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) வையுங்கள். த்ராட்டில் அளவு சொல்லிக்கொடுக்கும்போதும் சர்வோ திசை பார்க்கும்போதும் ப்ரொப்பெல்லர் கழற்றியே இருக்க வேண்டும்.

அசைவு, பின்விளிம்பில் அளந்து: எய்லரான் மேலே 10 மி.மீ., கீழே 8. எலிவேட்டர் 12, ரட்டர் 25. எக்ஸ்போ (குச்சியின் நடுவில் அசைவை மென்மையாக்கும் ரேடியோ அமைப்பு) 25 சதவீதம். இந்த அளவை ரேடியோவில் சதவீதம் குறைத்துக் கொண்டுவராதீர்கள். சர்வோ கையில் உள் துளை, ஹார்னில் வெளித் துளை என்று மாற்றிக் கொண்டுவாருங்கள், அப்போதுதான் சர்வோவின் முழு அசைவும் பயன்படும், ஆட்டமும் குறையும்.

இறக்கை நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஃபியூசலாஜ் வாலின் நடுக்கோட்டில் ஒரு குண்டூசி குத்தி, நீளாத நூலால் இரண்டு நுனிக்கும் அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்குள் இருக்கட்டும். வாலை ஒட்டுவது இதற்குப் பிறகு, இறக்கையை வைத்துப் பின்னாலிருந்து பார்த்து.

பால்சாத்தூள் எழுதியது:

வேகம் பற்றிய திருத்தம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

திசை பார்க்கும்போது விமானத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள். குச்சி வலது என்றால் வலது எய்லரான் மேலே. எதிரே நின்று பார்த்து 'சரி' என்று சொல்லி மாற்றி வைத்தவர்கள் ஏராளம், ஓடுபாதை தாண்டுவதற்குள் முடிந்துவிடும். ரேடியோவை அணைத்தால் த்ராட்டில் பூஜ்யத்துக்கு வருகிறதா என்பதையும் ப்ரொப்பெல்லர் இல்லாமல் பார்த்துவிடுங்கள். ரேஞ்ச் செக் (ரேடியோ எட்டும் தூரச் சோதனை) ஒரு தடவை மோட்டார் நின்றிருக்க, ஒரு தடவை விமானத்தை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள மோட்டார் ஓடும்போது.

இடம் தேடும்போது டிஜிட்டல் ஸ்கை (ட்ரோன் பறக்கும் மண்டலங்களைக் காட்டும் அரசுத் தளம்) வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ட்ரோன் விதிகள்படி பச்சை மண்டலத்தில் உச்சம் 400 அடி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ.க்குள் என்றால் 200 அடி. வணிகம் அல்லாமல் பறக்கும் 2 கிலோவரையான விமானத்துக்குப் பைலட் சான்றிதழ் கேட்பதில்லை. உங்களுடையது 1.9, அந்த 114 கிராம் ஈயம் வைத்திருந்தால் தாண்டியிருக்கும்.