பூட்டு லீவரை இழுத்த பிறகும் பாயிண்ட் நகர்கிறது: காடியில் என்ன தவறு?

கேள்வி: காவேரிப்பட்டினம், லேத் பட்டறை

வணக்கம். கிருஷ்ணகிரிக்கு இன்று ரயில் இல்லாததால், எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலர் லீவர் கேபினை (சிக்னல்களையும் பாயிண்டுகளையும் லீவர்களால் இயக்கும் அறையை) பார்த்ததே இல்லை. என் மகளுடைய பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக நான்கு லீவர்கள் கொண்ட மாதிரி ஒன்றைச் செய்து வருகிறேன். 1 மெயின் லைன் ஹோம் சிக்னல் (வண்டியை நிலையத்துக்குள் விடும் சிக்னல்), 2 லூப் லைன் (மெயின் லைனிலிருந்து பிரியும் பக்கப் பாதை) ஹோம் சிக்னல், 3 பாயிண்ட் (வண்டியை ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் அமைப்பு), 4 அந்தப் பாயிண்டைப் பூட்டும் லீவர். ஒவ்வொரு லீவரும் தனக்குரிய பித்தளைத் தகட்டை 40 மில்லிமீட்டர் மேலே இழுக்கும். தகட்டின் ஓரத்தில் வெட்டிய காடிக்குள் (பள்ளத்துக்குள்), குறுக்கே நகரும் பூட்டுக்கட்டை நுழையும்.

3 நார்மலில் (இழுக்காத நிலையில்) இருந்தபோது 4 சரியாக வந்தது. 3-ஐ இழுத்த பிறகு 4 அசையவில்லை. ஆகவே 3-ஆம் தகட்டின் காடியை, கட்டை நுழையும் வரை கீழ்நோக்கி அரத்தால் நீட்டினேன். இப்போது 4 எப்போதும் வருகிறது. ஆனால் அதை இழுத்த பின்னும் 3 தாராளமாக நகர்கிறது. எங்கே பிழை செய்தேன்?

மறுமொழி: பொம்மிடி, ஓய்வுபெற்ற சிக்னல் பிட்டர்

தம்பி, நீங்கள் நீட்டிய அந்தக் காடிதான் பிழை. 3-ஆம் தகட்டுக்கு வேண்டியது நீளமான ஒரே காடி அன்று. நடுவிலிருந்து நடுவுக்குச் சரியாக 40 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு காடிகள். பாயிண்ட் நார்மலில் இருக்கும்போது மேல் காடியும், முழுவதும் இழுத்தபோது கீழ்க் காடியும் கட்டைக்கு நேராக வரும். பாதி வழியில் நின்றால் இரண்டுக்கும் நடுவே வெட்டாமல் விட்ட பித்தளைதான் கட்டையை எதிர்கொள்ளும். கட்டை நுழைய இடமில்லாததால் 4 வராது, 4 வராமல் எந்தச் சிக்னலும் இறங்காது, அதாவது வண்டிக்கு வழி கிடைக்காது. அந்த வெட்டாத பகுதியைத்தான் நீங்கள் அரத்தால் எடுத்துவிட்டீர்கள்.

பாயிண்டில் நகரும் பகுதியான நாக்குத் தண்டவாளம் முழுவதும் ஒட்டாமல் நிற்கும்போது வண்டியின் முன் சக்கரம் ஒரு பக்கமும் பின் சக்கரம் மறு பக்கமும் போகக்கூடும். இதனால்தான் அந்தச் சிறிய பித்தளைத் துண்டை இவ்வளவு வலியுறுத்துகிறேன். 1856-இல் ஜான் சாக்ஸ்பி இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அமைப்பில் பாயிண்டும் சிக்னலும் ஒரே இழுப்பில் சேர்ந்து நகர்ந்தன. ஒன்று முழுவதும் முடிந்த பிறகே மற்றொன்று தொடங்க வேண்டும் என்ற ஒழுங்கு, 1860-இல் ஆஸ்டின் சேம்பர்ஸ் லண்டனின் கென்டிஷ் டவுன் சந்திப்பில் அமைத்த பூட்டில்தான் வந்தது. நீங்கள் வெட்டும் தகட்டு முறை ஸ்டீவன்ஸ் நிறுவனத்தார் 1870-இல் கொண்டுவந்தது.

பழைய காடியைப் பற்றவைத்து அடைக்க வேண்டாம். புதுத் தகடு வெட்டுங்கள். காடியின் பக்கங்கள் 45 பாகை சாய்வாக இருக்கட்டும், ஏனென்றால் நகரும் தகட்டின் சாய்வுதான் கட்டையை எதிர்த் தகட்டுக்குள் தள்ளுகிறது. லீவருக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள ஊசிகளில் ஆட்டம் இருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். இல்லையேல் அளவு சரியாக இருந்தாலும் காடி நேருக்கு நேர் வராது.

முடித்த பிறகு எல்லா நிலைகளையும் முயன்று பாருங்கள். நான்கு லீவர்களுக்கு 16 நிலைகள் உண்டு. அவற்றில் 6 மட்டுமே அமைய வேண்டும்.

கேட்டவர்:

ஐயா, புதுத் தகடு வெட்டிவிட்டேன். 3 பாதியில் நின்றால் 4 அசையவில்லை. 4-ஐ இழுத்தால் 3 இரு நிலையிலும் உறுதியாக நிற்கிறது. ஆனால் எனக்கு 10 நிலைகள் வருகின்றன. 1, 2 இரண்டும் 4-இன் காடியோடு மட்டும் பூட்டப்பட்டுள்ளன. 4 பாயிண்டைப் பிடித்துக்கொள்வதால் 3-க்கும் சிக்னல்களுக்கும் தனிப்பூட்டு தேவையில்லை என்று நினைத்தேன்.

மறுமொழி: பொம்மிடி

எண்ணிப் பார்த்தது நல்லது. 4 பாயிண்டை அசையாமல் பிடிக்குமே தவிர, அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதை அறியாது. லூப் லைனுக்குத் திரும்பிய பாயிண்டின் மேல் மெயின் லைன் சிக்னல் இறங்கினால், வேகமாக வரும் வண்டி லூப் லைனில் நிற்கும் வண்டியின் பின்னால் போய் மோதிவிடும். ஆகவே, 3 நார்மலில் இருந்தால் மட்டுமே 1-இன் கட்டை நுழையும்படி ஒரு காடியும், 3 முழுவதும் இழுபட்டிருந்தால் மட்டுமே 2-இன் கட்டை நுழையும்படி வேறொரு வரிசையில் இன்னொரு காடியும் 3-ஆம் தகட்டில் வெட்டுங்கள். 1-இன் கட்டை 2-ஆம் தகட்டைத் தாண்ட வேண்டியிருப்பதால், இரு துண்டுகளையும் தகட்டின் மேலாகச் செல்லும் ஒரு பட்டையால் இணையுங்கள்.

1-க்கும் 2-க்கும் இடையே தனியாகப் பூட்டு தேவையில்லை. ஒன்று பாயிண்டை நார்மலிலும் மற்றது எதிர்நிலையிலும் கேட்பதால், இரண்டும் சேர்ந்து இறங்க வழியே இல்லை.

கேட்டவர்:

இன்று மாலை வெட்டிப் பொருத்தினேன், ஐயா. 6 நிலைகள் மட்டுமே வருகின்றன. மகளே ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டாள். சிக்னல் லீவர்களுக்குச் சிவப்பும், பாயிண்டுக்குக் கறுப்பும், பூட்டுக்கு நீலமும் பூசியிருக்கிறோம்.