தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரிப்பணம் கொடுக்கலாமா? பகுதி உதவித் தமிழ்ப்பள்ளி எந்தக் கணக்கில் வரும்?

செந்தூல்வாசி

வணக்கம். பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறவர் வரியும் கட்டுகிறார், கட்டணமும் கட்டுகிறார். அதனால் அரசுப் பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு ஆகக்கூடிய செலவை அவர் கையில் கொடுத்துவிடலாமே என்ற பேச்சு கோலாலம்பூரில் அடிக்கடி காதில் விழுகிறது. வேண்டாம் என்று யாராவது சொன்னால், "பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளியும் தனியார் நிலத்தில்தானே இருக்கிறது, அதற்கு மட்டும் எப்படிக் கொடுக்கிறார்கள்?" என்று மடக்குகிறார்கள். சட்டப்படியும் கணக்குப்படியும் எது சரி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிறை_வாரியம்

முதலில் அந்த இரண்டாவது பேச்சை முடித்துவிடுவோம். பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளி தனியார் பள்ளி அல்ல. தமிழ்ப்பள்ளி சட்டத்தில் "தேசிய வகைப் பள்ளி". 1996 கல்விச் சட்டம் அதற்குத் தரும் விளக்கமே "அரசாங்க அல்லது அரசாங்க உதவி பெறும் ஆரம்பப் பள்ளி" என்பதுதான். ஆசிரியர் சம்பளம் கல்வி அமைச்சிடமிருந்து வருகிறது. பாடத்திட்டமும் அமைச்சினுடையது, மாணவர் தலைக்கு இவ்வளவு என்ற மானியமும் உண்டு, படிப்புக்குக் கட்டணம் கிடையாது. வித்தியாசம் நிலத்தில்தான். நிலம் அரசாங்கத்துடையது அல்ல என்பதால் கட்டடச் சுமையில் பெரும்பகுதி பள்ளி வாரியத்தின் தலையில் விழுகிறது.

நிலம் ஏன் தனியாரிடம் இருக்கிறது? 1923 தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது. முதலாளி தன் நிலத்திலேயே ஒரு கொட்டகை போட்டார். நிலப்பட்டா பள்ளியின் பெயருக்கு மாறவில்லை. இன்றைக்கும் சிக்கல் அங்கேதான். கூரை ஒழுகுகிறது, அமைச்சு நிதி ஒதுக்கத் தயார் என்றாலும், நிலத்துக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் புதுக் கட்டடத்துக்கு அனுமதி வாங்க முடியாது. தோட்டம் கைமாறினால் புது முதலாளியிடம் மறுபடியும் முதலிலிருந்து பேச வேண்டும். நிலையான வழி, பள்ளிக்கான துண்டை நிலப்பிரிவினை செய்து தனிப்பட்டா எடுப்பது. அதற்கு நில அளவை, மாவட்ட நில அலுவலகம், மாநில அரசு என்று பல படிகள் ஏற வேண்டும். விற்பனைப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். விற்ற பிறகு வாரியத்தின் பேச்சு எடுபடாது.

ஜார்ஜ்டவுன்_கணக்கர்

வாரியக்காரர் சொன்னது சரி. நான் பணக் கணக்கைச் சொல்கிறேன்.

"என் பிள்ளையின் பங்கை என்னிடம் கொடு" என்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 35 பேர் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை போனால் ஆசிரியர் சம்பளம் குறையாது, மின் கட்டணம் குறையாது. தலைக்கணக்கு மானியம் மட்டும் குறையும். அதாவது அரசுக்கு மிச்சமாவது சராசரிச் செலவு அல்ல, அதில் ஒரு சிறு துண்டு. இன்னொன்று: கற்பனையாக ஒரு வட்டாரத்தில் 100 பிள்ளைகள், அவர்களில் 10 பேர் ஏற்கனவே தனியார் பள்ளியில். தலைக்கு 3,000 வெள்ளி (ரிங்கிட்) என்று அறிவித்த அன்றே, ஒரு பிள்ளைகூட இடம் மாறாமல், 30,000 வெள்ளி புதுச் செலவு. அந்தப் பணம் எந்தப் பள்ளியிலிருந்து எடுக்கப்படும் என்பதை யாரும் சொல்வதில்லை.

வரிக்கழிவு வழியாகக் கொடுப்பது இன்னும் மோசம். பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு 3,000 வெள்ளி வரை கழிவு இருக்கிறது, அதாவது அவ்வளவு தொகைக்கு வருமான வரி கிடையாது. வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி உள்ளவர் 11 விழுக்காட்டுப் படியில் இருக்கிறார், அவருக்கு மிச்சம் 330 வெள்ளி. ஒன்றரை லட்சம் உள்ளவருக்கு 25 விழுக்காடு, மிச்சம் 750. வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத துப்புரவுத் தொழிலாளிக்கு ஒன்றும் இல்லை. தனியார் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்துக்கும் இதே கழிவு கேட்பவர்கள் இந்த மூன்று எண்களையும் பார்க்க வேண்டும். அரசோ இப்போது எதிர்த்திசையில் போகிறது: 2025 ஜூலை 1 முதல், ஆண்டுக் கட்டணம் 60,000 வெள்ளிக்கு மேல் உள்ள தனியார் பள்ளிகளுக்கு 6 விழுக்காடு சேவை வரி.

பங்சார்_ஆசிரியை

கணக்கர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். ஆனால் "தனியாருக்கு ஒரு காசும் கூடாது" என்று நிற்க முடியாது, ஏற்கனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது. 1961 கல்விச் சட்டத்துக்குப் பிறகு உதவி இழந்த தனியார் சீன இடைநிலைப் பள்ளிகளுக்கு 2019 வரவு செலவுத் திட்டத்தில் 12 மில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள். பினாங்கு மாநிலமும் அவற்றுக்குக் கொடுக்கிறது. கேட்க வேண்டியது, என்ன நிபந்தனையோடு கொடுக்கிறார்கள் என்பதுதான்.

சிலி 1981-இல் பற்றுச்சீட்டு முறை கொண்டுவந்தது, அதாவது பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்கிறதோ அந்தப் பள்ளிக்கு அரசுப் பணம் போகும். பிறகு பள்ளிகள் அதன் மேல் கூடுதல் கட்டணம் வாங்க வழிவிட்டது. வசதிப்படி பிள்ளைகள் பிரிந்துபோனார்கள். 2015-இல் சட்டம் போட்டு, உதவி பெறும் பள்ளி லாபம் எடுக்கக்கூடாது, பிள்ளையைப் பொறுக்கிச் சேர்க்கக்கூடாது என்றார்கள். சுவீடன் இதே முறையை 1992-இல் தொடங்கியது, இன்று அங்கே கூடுதல் கட்டணத்துக்கு இடமில்லை, லாபத்துக்கு இடம் உண்டு. 2013-இல் பெரிய பள்ளி நிறுவனம் ஒன்று திவாலானபோது பிள்ளைகள் வேறு பள்ளி தேடி அலைந்தார்கள். இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நலிந்த குடும்பப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களுக்கு அரசு பணத்தைப் பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. பணம் தாமதித்தால் பள்ளி கதவைச் சாத்துகிறது.

ஒரு விதிவிலக்கை மட்டும் மனதாரக் கேட்கிறேன்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு வட்டாரத்து அரசுப் பள்ளியில் இடமோ பயிற்சி பெற்ற ஆசிரியரோ இல்லையென்றால், அந்தப் பிள்ளையின் கட்டணத்தை அரசே தனியாரிடம் கட்டட்டும். அது சலுகை அல்ல, அரசு செய்யத் தவறிய வேலைக்கான கூலி.

செந்தூல்வாசி

நன்றி அக்கா, ஐயா. ஒரு துணைக் கேள்வி. பகுதி உதவிப் பள்ளிக்கு நன்கொடை கொடுத்தால் வரியில் கழிக்கலாமா?

ஜார்ஜ்டவுன்_கணக்கர்

வாரியத்துக்கோ அதன் அறநிதிக்கோ வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் இருந்தால் மட்டும். ரசீதில் அங்கீகார எண் இருக்கிறதா பாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சாதாரண ரசீது செல்லாது, பலர் ஏமாறுவது இங்கேதான். பணமாகக் கொடுத்தது மட்டுமே கணக்கு, நாற்காலி, மின்விசிறி வாங்கிக் கொடுத்தது இதில் வராது. மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான் கழிக்கலாம். ரசீதை 7 ஆண்டுகள் வைத்திருங்கள்.