மறுமொழி: லாங் கேலரி – ‘உலாமாடம்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழைய ஆங்கிலேய மாளிகைகளில் உலாவுவதற்கென்று கட்டிய நீண்ட அறையான ‘லாங் கேலரி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ‘நீள் தாழ்வாரம்’ போதாதா?

போதாது. தாழ்வாரம் என்றதும் கூரைச் சரிவின் கீழே, ஒரு பக்கம் திறந்து கிடக்கும் இடம்தான் நம் மனத்தில் வரும். இங்கிலாந்தில் டெர்பிஷயரின் ஹார்ட்விக் ஹாலைப் பாருங்கள். ஷ்ரூஸ்பரி சீமாட்டி பெஸ் 1590-இல் கட்டத் தொடங்கி 1597-இல் குடியேறிய மாளிகை. வரைந்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பது பொதுவான கருத்து. அங்கே தளம் ஏற ஏற மதிப்பும் ஏறும். கீழ்த்தளம் பணியாளர்களுக்கு, நடுத்தளம் குடும்பத்துக்கு, உச்சித்தளம் பெரிய விருந்தினர்களுக்கு. ஜன்னல்களும் அப்படியே மேலே போகப் போக உயரமாகும். “சுவரைவிடக் கண்ணாடி அதிகம்” என்று அந்த வீட்டுக்கு ஒரு சொலவடையே உண்டு.

உச்சித்தளத்தின் கிழக்குப் பக்கம் முழுவதையும் லாங் கேலரி பிடித்துக்கொள்கிறது. ஏறத்தாழ 50 மீட்டர் நீளம், இரண்டு கணப்புகள். சுவர் நெடுக, விவிலியத்து வீரன் கிதியோனின் கதையை நெய்த 13 சித்திரத் திரைகள். 1592-இல், எலிசபெத் அரசியின் அமைச்சராக இருந்த கிறிஸ்டோபர் ஹாட்டனின் வாரிசுகளிடமிருந்து வாங்கியவை. ஹாட்டனின் குலச்சின்னங்களைப் பெஸ் தன் சின்னத்தால் மறைக்கச் செய்தார். அவ்வளவு அக்கறையோடு அலங்கரித்த இடத்தைத் தாழ்வாரம் என்றால், வாசகர் அதை வெறும் வழிநடையாக நினைத்துவிடுவார்.

> அப்படியானால் ‘நெடுங்கூடம்’?

நல்ல சொல்தான். ஆனால் மாளிகையின் பெரிய பொதுக்கூடமான கிரேட் ஹாலுக்குப் ‘பெருங்கூடம்’ என்று வைத்தால் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும்போது குழம்பும். இன்னொன்று, நீளம் அதன் தோற்றம் மட்டுமே. மழையிலும் குளிரிலும் வெளியே போக முடியாத நாள்களில் உள்ளேயே உலாவவும், பேசவும், விளையாடவும், முன்னோர் படங்களை விருந்தினருக்குக் காட்டவும்தான் அதைக் கட்டினார்கள். செஷயரின் லிட்டில் மோர்ட்டன் ஹாலில் லாங் கேலரியின் சுவர்ப் பலகைகளுக்குப் பின்னால் பழைய டென்னிஸ் பந்துகளே கிடைத்தன! அந்த மரவீட்டின் உச்சியில் கேலரியை ஏற்றி, மேலே கற்பலகைக் கூரையும் வேய்ந்ததால், பாரம் தாங்காமல் கீழ்த்தளங்கள் கோணிப்போயின.

ஆகவே என் பரிந்துரை: உலாமாடம். ‘உலா’ அதன் பயனைச் சொல்கிறது. ‘மாடம்’ அது மேல்தளத்தில் இருப்பதைக் காட்டுகிறது; சாமர்செட்டின் மாண்டக்யூட் மாளிகையிலும் அது உச்சியில்தான். விளக்கு மாடம் போலச் சுவர்க்குழியாக எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் வரலாம். மாடமாளிகை நாவில் இருக்கும்வரை அந்தப் பயம் வேண்டாம். எழுதிப் பார்த்தாலும் தடையில்லை: “உலாமாடத்தின் கிழக்கு ஜன்னல்கள்”, “உலாமாடத்துத் திரைகள்”.

ஓவியக் கண்காட்சி கேலரிக்கு இது வேண்டாம். அங்கே ‘காட்சிக்கூடம்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஹார்ட்விக்கில் உலாமாடத்தை ஒட்டியே இருக்கும், பெரிய விருந்தினர்களை வரவேற்கும் அறையான ஹை கிரேட் சேம்பருக்கு ‘உயர் அவையறை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் ‘உயர்’ என்பது தளத்தைக் குறிக்காமல் தகுதியைக் குறிப்பதுபோல ஒலிக்கிறது. ‘மேலவை’யும் சட்டமன்றத்துக்குப் போய்விட்டது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்