புதுப்பிப்பு: கன்வெக்‌ஷன் அவனில் கேக் மேலே கருகி, நடுவில் வேகாத பிரச்சினை தீர்ந்தது

சமையல் மேடையில் வைக்கும், உள்ளே விசிறி சூடான காற்றைச் சுழற்றும் சின்ன கன்வெக்‌ஷன் அவனில் கேக் மேலே கருகுகிறது, நடுவில் மாவாகவே நிற்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான். திருகியை 180 டிகிரியில் வைத்தால் முள் 200ஐத் தாண்டுகிறது, அப்புறம் மெல்ல இறங்குகிறது. சூடாகிவிட்டது என்று விளக்கு அணையும் நேரம்தான் உச்சச் சூடு! போதாததற்கு, நான் பார்த்துச் செய்த குறிப்பு விசிறி இல்லாத அவனுக்கு எழுதியது. விசிறி இருந்தால் பொதுவாக 15 முதல் 20 டிகிரி குறைக்க வேண்டும்.

இப்போது தெர்மாமீட்டர் 160 காட்டும்படி திருகியை வைக்கிறேன். விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம் விட்டு, கம்பித் தட்டை ஒரு படி கீழே இறக்கி, கேக்கை உள்ளே வைக்கிறேன். கேக்கின் நடுவில் குத்திப் பார்த்தால் குச்சி மாவு ஒட்டாமல் சுத்தமாக வெளியே வருகிறது.

கறுப்பு டின்னை மாற்றச் சொன்னதும் சரிதான், ஆனால் அதனால் கேக்கின் அடிப்பக்கம் மட்டுமே வெளுத்தது. மேல் கருகலுக்கு அது மருந்தில்லை.

எதிர்பாராத ஒன்று: டின்னுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பேக்கிங் தாளை விசிறிக் காற்று தூக்கி, மேல் ஹீட்டர் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டது. ஓரம் பழுப்பாகிவிட்டது, நல்லவேளை பற்றவில்லை. தாளை டின் விளிம்போடு வெட்டிவிடுங்கள். வெறும் தாளைப் போட்டு அவனைச் சூடாக்கவே வேண்டாம்.