இந்தியாவிலிருந்து பிள்ளை தத்தெடுக்க நினைக்கிறோம், முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

செம்பனைவீடு:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அவருக்கு 44, எனக்கு 40, கல்யாணமாகி 13 வருஷம், பிள்ளை இல்லை. ஈப்போவுக்கு அலைந்து பார்த்த வைத்தியத்தைப் போன வருஷத்தோடு நிறுத்திவிட்டோம். ஆறு மாதம் ஜெபித்து, இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் பேசி, தத்தெடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அவர் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர், அதனால் அந்த மண்ணிலிருந்தே ஒரு கைக்குழந்தை என்று அவருக்கு ரொம்ப ஆசை.

சபையில் ஒரு சகோதரர், தமக்குத் தெரிந்த ஆள் சென்னையில் இருக்கிறார், கொஞ்சம் செலவாகும், குழந்தையை விசிட் பாஸில் கொண்டுவந்துவிட்டால் பேப்பர் வேலையை இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மாமியாரோ கிறிஸ்தவர்கள் இந்தியாவில் தத்தெடுக்கவே முடியாது என்கிறார். இதற்குள் இவர் ரப்பர் பலகையில் ஒரு சின்னக் கட்டில் செய்து முடித்துவிட்டார், சாயந்திரமானால் வீட்டு முன்னால் அஞ்சடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அதன் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார், பிள்ளை கையில் சிராய் ஏறிவிடக் கூடாதாம். அதைப் பார்க்கும்போது எனக்கும் அவசரம் வந்துவிடுகிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஈப்போ குமாஸ்தா:

சிஸ்டர், அந்தச் சென்னை ஆளுக்கு இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பணம் கொடுத்துப் பிள்ளையைக் கைமாற்றுவது நம் 2001 குழந்தைகள் சட்டத்தில் குற்றம், இந்தியாவிலும் குற்றம். வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன், "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று கொண்டுவந்த பிள்ளைக்குப் பின்னால் எந்தப் பேப்பரும் சுலபமாக அமையாது.

மாமியார் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. இந்தியாவின் 1956 தத்துச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியக் குடும்பங்களுக்கு மட்டும்தான். கிறிஸ்தவர்கள் 1890-ஆம் வருஷத்துச் சட்டத்தில் காப்பாளர் ஆகலாம், அவ்வளவுதான். பிள்ளை பெரியவனானதும் அந்தப் பொறுப்பு முடிந்துபோகும், மகன் மகள் என்ற சட்ட உரிமை வராது. இப்போது அப்படி இல்லை, 2015-இல் வந்த சிறார் நீதிச் சட்டம் மதம் பார்ப்பதில்லை. எல்லாம் 'காரா' என்கிற மத்திய அமைப்பின் வழியாகத்தான் போகும், 2022-லிருந்து தத்து உத்தரவு கொடுப்பது நீதிமன்றம் இல்லை, மாவட்ட ஆட்சியர்.

சிக்கல் நம் பக்கத்தில்தான். நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறது, மலேசியா சேரவில்லை. சேர்ந்த நாடுகளில் இதற்கென்றே ஓர் அரசு அமைப்பு இருந்து உங்கள் கோப்பை இந்தியாவுக்கு அனுப்பும். நமக்கு அது இல்லாததால், முதலில் சமூகநல இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். எங்கள் வீட்டை வந்து பார்த்து ஆய்வறிக்கை எழுதுவது யார்? பிள்ளை வந்தபின் இந்தியாவுக்கு இரண்டு வருஷம் அறிக்கை போக வேண்டும், முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த வருஷம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதை அனுப்பப் பொறுப்பேற்பது யார்? எழுத்தில் பதில் வரும்வரை சென்னைக்கு டிக்கெட் போடாதீர்கள்.

இரண்டாம் லயம்:

தங்கச்சி, நான் வேறு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேள். என் மகனை நாங்கள் இங்கேதான் தத்தெடுத்தோம், பெற்றவள் வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பெண். இரண்டு வருஷம் வளர்த்து, முறையாகப் பதிவும் செய்தோம். அப்பா அம்மா என்று எங்கள் பெயர் போட்ட சர்டிபிகேட் கைக்கு வந்த அன்றைக்குப் பாயசம் வைத்துக் கொண்டாடினோம். கீழே ஒரு வரியில் 'புக்கான் வார்கானெகாரா', அதாவது குடிமகன் அல்ல என்று இருந்ததை ராத்திரிதான் கவனித்தேன். தத்து உத்தரவு பிள்ளையை உன் பிள்ளையாக்கும், இந்த நாட்டுப் பிள்ளையாக்காது. குடியுரிமைக்கு அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில் தனியாக மனு போட வேண்டும், அதுவும் சட்டம் சொல்கிற வயது வரம்புக்குள், கொடுப்பதும் கொடுக்காததும் அரசாங்கத்தின் விருப்பம்.

12 வயதில் ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்க அவன் வகுப்புப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றான். மற்றவர்கள் கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டு வந்தார்கள், இவன் முறை வந்ததும் பேப்பரைப் பார்த்துவிட்டு ஓரமாக நிற்கச் சொன்னார்கள். தண்ணீர் போத்தலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டே நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று தடவை மனு போட்டோம், இரண்டு தடவை காரணமே சொல்லாமல் மறுத்தார்கள், 17 வயதில்தான் கிடைத்தது. அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளிநாட்டுக்காரன் கட்டணம்.

நீ கொண்டுவரும் பிள்ளை இந்தியப் பாஸ்போர்ட்டில்தான் வந்து இறங்கும். எந்தப் பாஸில் தங்கும், எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள், குடியுரிமை மனுவை எப்போது போடுவாய், இதை முதலில் விசாரி. பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் உன்னால் எதையும் விசாரிக்க முடியாது, எனக்கு அப்படித்தான் ஆனது.

மாலைத்தூறல்:

அக்கா சொன்னதற்கு மேல் ஒன்று மட்டும். காராவில் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். 2 வயதுக்குள் உள்ள பிள்ளை என்றால் 85-க்கு மேல் போகக் கூடாது, 2 முதல் 4 வரை 90, 4 முதல் 8 வரை 100. பதிவு செய்யும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. உங்கள் இருவருக்கும் 84. அடுத்த வருஷம் கைக்குழந்தை என்ற பேச்சே இல்லை.

ஆனால் அதற்காக அவசரப்படாதீர்கள். இந்தியக் குடும்பங்களுக்கு முன்னுரிமை, வெளிநாட்டுக்காரர்களுக்குப் பெரும்பாலும் வருவது வயது கூடிய பிள்ளைகள், அண்ணன் தங்கையாகச் சேர்ந்து இருப்பவர்கள், மருத்துவக் கவனிப்பு தேவைப்படுகிறவர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருக்கும், பிடித்த சாப்பாடு இருக்கும், கும்பிட்டு வளர்ந்த சாமியும் இருக்கலாம். வந்த மறுநாளே ஞானஸ்நானம், புதுப் பெயர் என்று ஆரம்பித்துவிடாமல் அதன் பெயரைச் சொல்லியே கூப்பிட உங்கள் வீடும் சபையும் தயாரா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் வீட்டில் அதைப் பேசாமல் விட்டோம், என் மகள் பாவம், ஒரு வருஷம் இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

செம்பனைவீடு:

எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். லயத்து அக்கா எழுதியதை இரண்டாம் தடவை தானே வாங்கி வாசித்தார். அந்தச் சகோதரரிடம் நேற்று ராத்திரியே வேண்டாம் என்று சொல்லியாயிற்று, அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கடிதத்தை மலாயில் எழுதிக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமை இருவரும் லீவு போட்டு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வருகிறோம். குமாஸ்தா பிரதர், 15ஏ பற்றியும் அதே கடிதத்தில் கேட்கலாமா, தனியாக எழுதணுமா?

கட்டில் நான்கடி நீளம்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பத்தாது என்று பலகை வாங்கக் கிளம்பியவரை நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஈப்போ குமாஸ்தா:

தனியாக எழுதுங்கள் சிஸ்டர், குடியுரிமை தேசியப் பதிவு இலாகா பக்கம் போக வேண்டியது. இரண்டு கடிதத்துக்கும் நகல் எடுத்து, முத்திரை விழுந்த பக்கத்தைப் பத்திரமாகக் கோப்பில் வையுங்கள்.