கத்திரி வெயிலில் எருமை, ஆடு, கோழி: உடம்புக்குள் என்ன வித்தியாசம்?

கெடிலக்கரை:
அக்னி நட்சத்திரம் வரப்போகுது. கடலூர் பக்கம் ஒரே கொல்லையில எருமை, வெள்ளாடு, நாட்டுக்கோழி மூணும் இருக்கிற வீடுகள் நிறைய. எருமை குட்டையை விட்டு எழாது, கோழி காலை 11 மணிக்கே வாயைப் பிளந்துடும், ஆடு மட்டும் நிழல்ல அசை போட்டுக்கிட்டு நிக்கும். ஏன் இப்படி? தண்ணி பத்தாத நாள்ல எதை முதல்ல கவனிக்கணும்? ஒட்டகத்துக்குத் திமில் மாதிரி ஆட்டுக்கும் தண்ணி சேமிக்க ஏதாவது இருக்கா?

பாகூர் ஏரி:
திமில்ல இருக்கிறது கொழுப்புங்க, தண்ணி இல்லை. ஒட்டகத்தோட சாமர்த்தியம் வேற இடத்துல இருக்கு. தண்ணி கிடைக்காதப்போ அதோட உடம்புச் சூடு விடியக்காலையில 34 டிகிரி வரை இறங்கும், பிற்பகல்ல 41 வரை ஏறும். நுட் ஷ்மித்-நீல்சன்னு ஒரு உடலியல் விஞ்ஞானி 1953-54ல அல்ஜீரியாவுல தங்கி இதை அளந்தார். 500 கிலோ உடம்பு 6 டிகிரி ஏறினா சுமார் 2,400 கிலோகலோரி உள்ளேயே நிக்கும். அதை வியர்வையா விட்டா, லிட்டருக்கு 580 கிலோகலோரி வீதம், 4 லிட்டருக்கு மேல செலவு. ராத்திரிக் குளிர்ல அந்தச் சூடு சும்மாவே இறங்கிடும்.

ஆட்டுக்கு நிஜமாவே தொட்டி இருக்கு, அசை போடுற பெருவயிறுதான் அது. சினாய், நெகேவ் பாலைவனத்துக் கறுப்பு வெள்ளாடுகள் 2 முதல் 4 நாளைக்கு ஒருதரம் குடிச்சே தாங்கும். வயிறு முட்டக் குடிச்ச தண்ணி சட்டுனு ரத்தத்துல ஏறினா சிவப்பணுக்கள் ஊதி வெடிக்கும். பெருவயித்துல தேங்கி மெதுவா இறங்குறதால தப்பிக்குது. மூத்திரமும் சுண்டிதான் போகும், புழுக்கையும் உலர்ந்துதான் விழும். அதுக்காக நம்மூர் ஆட்டைப் பட்டினி போடக் கூடாது. சினை ஆட்டுக்கும் பால் ஆட்டுக்கும் நாள் முழுக்கத் தண்ணி இருந்தே ஆகணும்.

தேங்காய்த்திட்டு:
முதல் கவனம் கோழிக்குத்தான். தேவையும் கொஞ்சம், சாகிறதும் சீக்கிரம். அதோட சாதாரணச் சூடே 41 டிகிரிக்கு மேல, வியர்வைச் சுரப்பியும் கிடையாது. கிட்டப் போய்த் தொண்டையைப் பாருங்க, அலகுக்குக் கீழே அந்த மெல்லிய தோல் படபடன்னு துடிக்கும். உள்ளே இருக்கிற ஈரத்தைக் காத்துல ஆவியாக்குற வேலை அது.

அந்த ஆவி போக காத்து உலர்ந்திருக்கணும். மேல்காத்து அனல் வீசி, கடல்காத்து தாமதமாகிற பகல்ல காத்து உலர்வா இருக்கும். அப்போ மேற்குப் பக்கம் ஈரச்சாக்கு கட்டினா நல்ல பலன். கடல்காத்து வந்து புழுங்குறப்போ, முக்கியமா காத்தே அசையாத ராத்திரியில, அதே சாக்கு ஈரத்தைக் கூட்டி மூச்சடைக்க வைக்கும். அவுத்துட்டு, ரெண்டு பக்கமும் திறந்து விடுங்க, முடிஞ்சா ஒரு மின்விசிறி. பலரும் கோட்டை விடுறது இங்கதான்.

தீனியை விடியக்காலையிலயும் மாலை 5 மணிக்கு மேலயும் போடுங்க. நடுப்பகல்ல வயிறு நிறைஞ்சிருந்தா செரிக்கிற சூடும் சேரும். கடும் வெயில்ல ஒரு கோழிக்கு அரை லிட்டர் வரை கணக்கு வையுங்க. மாடித் தொட்டித் தண்ணி கொதிச்சிருந்தா குடிக்காது, மண்சட்டியில நிழல்ல வெச்சு மதியம் மாத்துங்க. மூச்சு இரைக்க இரைக்க கரியமில வாயு அதிகமா வெளியேறி முட்டை ஓடு மெலியும். கிளிஞ்சல் தூள் தனியா வைக்கலாம், ஆனா இரைப்பு நின்னாதான் முழுசா சரியாகும்.

கழுத்தை நீட்டிப் படுத்துட்டா, தலையை வெளியே பிடிச்சுக்கிட்டு உடம்பைச் சாதாரணத் தண்ணியில முக்குங்க. ஐஸ் வேண்டாம்.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றிங்க. குட்டை வத்திட்டா எருமைக்கு?

பாகூர் ஏரி:
கறுத்த தோல் வெயிலை வாங்கும், முடி குறைவு, வியர்வைச் சுரப்பி பசுவைவிடப் பல மடங்கு கம்மி. அதனால வெளித்தண்ணியை நம்பித்தான் இருக்கு. குறைஞ்ச தண்ணியா இருந்தா சேறாக்கி முதுகுலயும் விலாவுலயும் அப்புங்க. வெறும் தண்ணி வழிஞ்சு போயிடும், சேறு மெதுவாக் காயறதால குளிர்ச்சி ரொம்ப நேரம் நிக்கும், ஈ கடியும் குறையும். காலை 11, பிற்பகல் 3 மணிக்கு ஊத்துங்க, கட்டாயம் நிழல்ல, காத்து படுற இடத்துல. தகரக் கொட்டகை ஓரம் கட்டாதீங்க. தகரம் சூட்டைக் கீழே இறக்கும், ஊத்தின தண்ணி வீணாப் போகும்.